பிஞ்சு கழிக்கும் மாதம்

மார்ச் 10, 2024
ரூவன் தோட்டம்

அன்புள்ள பிரியாவுக்கு,

இடுப்பைத் தவிர மற்ற எல்லா உறுப்பும் சுகம். அப்பாவின் சளி இறங்கிவிட்டதா? நம் பெண் கிருத்திகா புத்தகத்தை விரிக்கிறாளா, போனை விரிக்கிறாளா?

தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இது எதற்கு என்று கேட்பாய். என்ன பேசுகிறோம்? அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி நடுவீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். நீ தோப்புக்குப் போனால் டவர் ஒரு நிமிஷம் கேரளா, மறு நிமிஷம் தமிழ்நாடு என்று மாறிப் பாதியில் அறுந்துபோகிறது. நான் இங்கே வந்து பதினெட்டு நாளில் "சாப்பிட்டாச்சா", "மழை உண்டா" இந்த இரண்டைத் தாண்டி நாம் போகவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய்.

இது பேரீச்சைத் தோட்டம். முந்நூறு மரம். ரூவன் என்கிற எழுபது வயதுக்காரர் முதலாளி. யூதர். மனைவி இறந்துவிட்டார். அவரும் ஓர் ஆளும் சேர்ந்துதான் இவ்வளவையும் பார்த்து வந்திருக்கிறார்கள். அந்த ஆள் ஜமீல். அரபுக்காரன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். மரத்தின் உச்சிக்குப் போக ஒரு தூக்கி வண்டி இருக்கிறது, அதில் ஏறி நின்றால் அவன் ஊர் மசூதியே தெரியும். இருபத்து மூன்று வருஷம் விடியற்காலையில் கேட்டைத் தாண்டி வந்து, சாயங்காலம் திரும்பிப் போயிருக்கிறான். போன அக்டோபரில் சண்டை தொடங்கியதும் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அவன் வர முடியாது. அவன் இடத்துக்குத்தான் நான்.

மழை நாளில் திரும்ப முடியாமல் அவன் தங்குகிற அறையைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் அவன் சட்டை தொங்குகிறது. கட்டிலடியில் செருப்பு. ஜன்னலில் காபிப் பாத்திரம். எதையும் நகர்த்தாதே என்று ரூவன் முதல் நாளே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். ஒறம்பரையாக விருந்துக்குப் போன வீட்டில் படுப்பதுபோலக் கட்டிலின் ஓரத்தில் படுத்துக்கொள்கிறேன்.

ஆறு மணி ஆனால் ரூவன் ஜமீலுக்குப் போன் போடுகிறார். அரை மணி நேரம் பேச்சு. பாதி நேரம் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள். என்ன தகராறு என்று கேட்டேன். "மரம். மரத்தைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை" என்றார். எந்த வரிசையில் பாளை வெடித்தது, எந்தக் குழாய் அடைத்தது, அவ்வளவுதான். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இன்னொன்று. நம் தோப்பில் சோலை மரம் ஏறுவான், நான் கீழே நின்று அதிகாரம் பண்ணுவேன். இங்கே நான்தான் சோலை. இதை அவனிடம் சொல்லித் தொலைக்காதே.

உன்
பூபதி


மார்ச் 21, 2024
எருத்தேன்பதி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இடுப்பு நீங்கலாக இங்கேயும் எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சளி இல்லை. கிருத்திகா இரண்டையும் விரிக்கிறாள்.

சோலையிடம் சொல்லிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏனுங்கம்மிணி, கவுண்டர் மேல இருந்து கீழ பாத்தா தல சுத்துதுன்னு சொல்வாருங்களே, இப்ப கண்ணை மூடிட்டா ஏறறாரு?" என்று கேட்டான். நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டையைத் துவைத்து மறுபடி அதே ஆணியில் மாட்டுங்கள். நகர்த்தாதே என்று சொன்னால் அழுக்காக விட்டுவை என்று அர்த்தமில்லை. அவர் வந்து எடுக்கும்போது தூசி நாற்றம் அடித்தால் நமக்குத்தான் கேவலம்.

ஆனால் ஒன்று என் மனதை அறுக்கிறது. கேட்டைத் திறந்து அவர் வந்துவிட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்? ஏஜெண்ட் இதைச் சொல்லவே இல்லையே. இரண்டு வருஷமாவது நீங்கள் அங்கே நின்றால்தான் கிருத்திகாவை நர்ஸிங்குக்கு அனுப்ப முடியும் என்று கணக்குப் போட்டுத்தானே கிளம்பினீர்கள். மூன்று போர்வெல்லில் இரண்டு காய்ந்து கிடக்கிறது. நான் அந்த மனிதருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. கேட் திறக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் திறக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை.

சைரன் அடித்தால் வீரம் காட்டாமல் உள்ளே ஓடுங்கள். தோப்பு நன்றாக இருக்கிறது.

பிரியா


மே 12, 2024
ரூவன் தோட்டம்

அன்புள்ள பிரியா,

வெயில் நம் ஊரைத் தூக்கிச் சாப்பிடுகிறது. உடம்பு கருத்துவிட்டது, மற்றபடி குறையில்லை. நீயும் அப்பாவும் மத்தியானம் வெளியே அலையாதீர்கள்.

சட்டையைத் துவைத்துவிட்டேன். ரூவன் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பட்டன் ஒன்று தொங்குகிறது என்று ஊசியும் நூலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது இங்கே பிஞ்சு கழிக்கும் மாதம். கேட்டால் உனக்கு வயிறு எரியும். ஒவ்வொரு குலையிலும் நூறு நூறாகப் பிஞ்சு பிடித்திருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கிள்ளி எறிய வேண்டுமாம்! நடுச் சரங்களை அப்படியே வெட்டிவிட்டு, மிச்சமிருக்கிற சரத்தில் ஒன்று விட்டு ஒன்றாக உருவிப் போட வேண்டும். ஜமீல் போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு, "இன்னும் எடு, இன்னும் எடு" என்று கத்துகிறான். எனக்கும் அவனுக்கும் பொதுவான பாஷை ஹீப்ருவில் இருபது வார்த்தை, இங்கிலீஷில் முப்பது. மீதியைக் கையால் பேசிக்கொள்கிறோம்.

தென்னையில் ஒரு குரும்பை உதிர்ந்தாலே ராத்திரி தூக்கம் வராத பரம்பரை நாம். பிடித்த பிஞ்சைக் கையால் கிள்ளுவதா? முதல் பத்து மரம் அவன் சொன்னபடி செய்தேன். கீழே பார்த்தால் பச்சைப் பிஞ்சு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. ஓடை ஓரமாக ஒரு நாற்பது மரம், ரூவன் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அதில் பேருக்கு நாலு சரத்தை வெட்டிவிட்டு மீதியை விட்டுவைத்துவிட்டேன். ஜமீலிடம் எல்லாம் முடிந்தது என்றேன். அறுவடையில் அந்த நாற்பது மரம் மட்டும் இரண்டு பங்கு காய்க்கும்போது கிழவர் வாயைப் பிளப்பார். எருத்தேன்பதிக்காரன் யார் என்று அப்போது தெரியும்.

கிருத்திகா மார்க்கு எழுதவே இல்லையே?

பூபதி


ஜூன் 3, 2024
எருத்தேன்பதி

அன்புள்ள மாமா,

அனைவரும் சுகம். கிருத்திகா நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள், நர்ஸிங் சீட்டும் கிடைத்துவிடும் போலிருக்கிறது. உங்கள் அப்பா ஊர் பூராவும் சொல்லி முடித்துவிட்டார்.

நீங்கள் செய்தது சரி. பிஞ்சைக் கிள்ளுவது என்ன விவசாயம்? பக்கத்து வீட்டு முத்தாத்தாள் அக்காவிடம் சொன்னேன், "காய்ச்சத வேண்டாம்னு கிள்ளிப்போட்டா அந்த மரம் அடுத்த வருசம் காய்க்குமாங்கண்ணு?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒன்றையும் கிள்ளாதீர்கள்.

கிருஷி பவனில் இருந்து விவசாய ஆபீஸர் மேடம் ஒருவர் வந்து தோப்பைப் பார்த்துவிட்டுப் போனார். ஓலை கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. தண்ணீர் குறைவால் இருக்கும். நீங்கள் இதை நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜமீல் அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா?

பிரியா


செப்டம்பர் 24, 2024
ரூவன் தோட்டம்

அன்புள்ள பிரியாவுக்கு,

நாலு மாதமாக எழுதவில்லை. கை சும்மா இல்லை என்று போனில் சொன்னேன், பாதி பொய். உடம்பு நலம்தான். மனசுதான் சரியில்லை.

அந்த நாற்பது மரமும் நாசம். இரண்டு பங்கு காய்த்தது, வாஸ்தவம். ஆனால் ஒவ்வொன்றும் சுண்டைக்காய்க்கு அண்ணன். தோலும் கொட்டையும்தான் இருக்கிறது. பாரம் தாங்காமல் குலைகள் ஒடிந்து தொங்கின. மற்ற மரங்களில் பழம் கட்டைவிரல் பருமனில் தேன் கட்டி நிற்கிறது. இந்த வரிசையைப் பார்த்த வியாபாரி பெட்டியைத் திறந்ததும் மூடிவிட்டார்.

ரூவன் என்னைத் திட்டவில்லை. ஓடை ஓரம் போய் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அது திட்டுவதைவிடக் கொடுமை. சாயங்காலம் ஆறு மணிக்கு, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு, ஜமீலின் போன் கிடைத்தது.

பன்னிரண்டு நாள் என்றேனே, அதைச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் ஜமீலின் ஊருக்குள் ராணுவம் போனது. போன் செத்துப்போயிற்று. தினமும் ஆறு மணிக்கு ரூவன் நாற்காலியைப் போட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். எடுக்க மாட்டான். ஏழு மணிக்கு எழுந்து உள்ளே போவார். ரூவனின் மகள் வயிற்றுப் பேரன் ராணுவத்தில்தான் இருக்கிறான். எந்த ஊருக்குப் போயிருக்கிறான் என்று கிழவர் பேரனிடம் கேட்கவில்லை. கேட்க பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

போன அக்டோபரில், சண்டை தொடங்கிய அன்றைக்கு, தெற்கே ரூவனின் தங்கை மகனை வீட்டுக்குள் புகுந்து கொன்றுவிட்டார்கள். இப்போது ஜமீலின் தம்பி மகன் தெருவில் குண்டு பட்டு இறந்துவிட்டான், பதினேழு வயது. முதலாவதை ரூவன் என்னிடம் சொன்னார். இரண்டாவதை ஜமீல் என்னிடம் சொன்னான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் இரண்டும் தெரியும், அது எனக்குத் தெரியும். நடுவில் நின்று நான் பேரீச்சை பறிக்கிறேன்.

அன்றைக்குப் போன் கிடைத்ததும் ரூவன் கேட்ட முதல் கேள்வி, "ஓடை ஓரம் ஏன் இப்படி ஆயிற்று?" நான் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், மரத்தைப் பற்றிய ஹீப்ரு இப்போது எனக்குப் புரியும். இந்த ஒரு தவறுக்கு என்னை ஊருக்கு அனுப்பலாம். ஜமீல் சொன்னான்: "நான்தான் அந்த நாற்பதை விட்டுவைக்கச் சொன்னேன். இளம் மரங்கள், தாங்கும் என்று நினைத்தேன். என் தப்பு."

இருபத்து மூன்று வருஷம் அதே மரங்களைக் கழித்தவன் அப்படிச் சொல்வானா? ரூவனுக்குத் தெரியாதா? "சரி" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

என்னை மாட்டிவிட்டிருந்தால் அவன் இடம் காலியாகியிருக்கும், பிரியா. ஏன் அப்படிச் செய்தாய் என்று மறுநாள் கேட்டேன். "உனக்குப் பெண் குழந்தை இருக்கிறாள் இல்லையா" என்றான். அவனுக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

பூபதி


அக்டோபர் 5, 2024
எருத்தேன்பதி

அன்புள்ள மாமா,

எல்லோரும் இருக்கிறோம்.

ஒன்றையும் கிள்ளாதீர்கள் என்று எழுதியது நான்தான். தெரியாத மரத்தைப் பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னேன். அந்த அண்ணன் என் தப்பையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பதினேழு வயதுப் பையனை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ரூவன் ஐயாவின் தங்கையையும் நினைத்தேன். என் சார்பாக இரண்டு பேருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று எழுதத் தோன்றுகிறது. என்ன சொல்வீர்கள்? மரத்தைப் பற்றிக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் அவர் சொல்கிறபடி கழியுங்கள். ஒன்றுகூட விடாமல். சத்தியம் பண்ணுங்கள்.

பிரியா


ஜனவரி 30, 2025
ரூவன் தோட்டம்

அன்புள்ள பிரியாவுக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவில் வாசல், கோலம், கிருத்திகா, அப்பா எல்லாம் இருக்கிறது. தோப்பு மட்டும் இல்லை. எப்போதும் தோப்பில் நின்றுதானே எடுப்பாய்? சரி, அது போகட்டும். இங்கே குளிர். காது இரண்டும் மரத்துப்போகின்றன. உன் ஆஸ்துமா எப்படி?

தெற்கே சண்டை நின்றிருக்கிறது என்கிறார்கள். ஜமீலின் பக்கம் நிற்கவில்லை.

இந்தக் கடிதத்தை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். ரூவன் ஜமீலுக்காக மனுப் போட்டிருக்கிறார். வேறு யாராலும் செய்ய முடியாத கைவேலை தெரிந்தவர்களுக்கு மட்டும் தனி அனுமதி கொடுக்கிறார்களாம். பிஞ்சு கழிக்கும் நேரத்தில், ஏப்ரல் வாக்கில், ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். தோட்டத்தில் இப்போது இருக்கிற ஆள், அதாவது நான், இந்த வேலையைத் தனியாகச் செய்வேன் என்றால் ஜமீலுக்கு அனுமதி இல்லை. எனக்குத் தெரியாது என்றால் அவனுக்குக் கிடைக்கலாம். ஆனால் இந்த அளவு தோட்டத்துக்கு ஓர் ஆள்தான் கணக்கு. அவன் வந்தால் நான் கிளம்ப வேண்டும்.

ரூவன் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துச் சொன்னார்: "நீ நல்ல வேலைக்காரன். அவன் வந்தால் உனக்கு வேறு தோட்டம் தேடிப் பார்ப்பேன், ஆனால் உறுதி கொடுக்க முடியாது. அதிகாரியிடம் நீ என்ன சொல்கிறாயோ சொல். நான் உன்னிடம் கெஞ்ச மாட்டேன்." சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

ஜமீலுக்கும் இந்த விஷயம் தெரியும். ஆனால் என்னிடம் பேசும்போது, மூன்றாவது வரிசையில் முள் சீவிவிட்டாயா என்றுதான் கேட்டான். இப்போது அவன் ஊரில் ஆலிவ் பறிக்கக்கூடத் தோட்டத்துக்குப் போக முடிவதில்லையாம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இதுவும் அவன் சொன்னதில்லை, ரூவன் சொன்னது.

உண்மையில் எனக்கு இப்போது இந்த வேலை தெரியும், பிரியா. அவன் சொல்லிக் கொடுத்துத்தான் தெரியும். நான் என்ன சொல்லட்டும்?

பூபதி


பிப்ரவரி 23, 2025
எருத்தேன்பதி

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வந்து இருபத்து நாலு நாள் ஆகிறது. போனில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் "அப்புறம்" என்று நிறுத்தும்போதெல்லாம் எனக்குத் தெரியும், எதைக் கேட்கிறீர்கள் என்று. அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்பது சாக்கு.

தோப்பை ஏன் போட்டோவில் காட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அறுபத்திரண்டு மரத்தை வெட்டிவிட்டோம். வேர்வாடல் நோய். அந்தக் கிருஷி பவன் மேடம் ஜூனிலேயே சொன்னார், வெட்டாவிட்டால் மீதிக்கும் பரவும் என்று. செப்டம்பரில் நீங்கள் அந்த நாற்பது மரத்தைப் பற்றி எழுதியபோது இங்கே மரம் அறுக்கிற வாள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்படி எழுதுவேன்? உங்கள் அப்பா மூன்று நாள் வாசற்பக்கமே வரவில்லை. சோலை ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வெட்ட விட்டான். மேற்குப் பக்கம் இப்போது வெட்டவெளி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டில் துணி காய்வது தெரிகிறது.

இன்னும் முப்பது மரம் நிற்கிறது. அதில் எத்தனை பிழைக்கும் என்று தெரியாது. கிருத்திகா நர்ஸிங்கில் ஒரு வருஷம்கூட முடிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். எனக்கு ஜமீல் அண்ணன் மேல் பாசம்தான். அவர் செய்ததை மறக்கவில்லை. ஆனாலும் தெரியும் என்று சொல்லுங்கள். அது பொய்கூட இல்லையே. நீங்கள் இப்போது திரும்பி வந்தால் இந்த வெட்டவெளியில் நின்று என்ன செய்வோம்? என்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நீங்கள் வர வேண்டாம்.

பிரியா


மே 4, 2025
ரூவன் தோட்டம்

அன்புள்ள பிரியாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அறுபத்திரண்டு மரத்தையும் ஒரு பெண்பிள்ளை தனியாக நின்று வெட்டி இறக்கியிருக்கிறாய், நான் இங்கே பட்டன் தைத்ததைப் பெருமையாக எழுதிக்கொண்டிருந்தேன். உன்னைக் கெட்டவள் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

ஆனால் நீ சொன்னதை நான் கேட்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரி ஏப்ரல் இருபத்து இரண்டாம் தேதி வந்தார். சின்னப் பெண், கிருத்திகாவுக்குப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். மரியாதையாகப் பேசினாள். ரூவன் நடுவில் நின்று எனக்கு இங்கிலீஷில் சொன்னார். முன்தினம் ராத்திரி முழுக்க "தெரியும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். உன் எழுத்து கண்முன்னால்தான் நின்றது. "இந்த வேலையைத் தனியாகச் செய்யத் தெரியுமா?" என்று கேட்டதும் வாய் தானாக, "தெரியாது" என்றது. அந்த ஓடை ஓரத்து நாற்பது மரம் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது, நான் என்ன செய்ய.

அவள் அடுத்த வரிசையைக் காட்டினாள். "இதையெல்லாம் யார் கழித்தது?"

"நான்தான்."

"அருமையாக இருக்கிறதே. பிறகு எப்படித் தெரியாது என்கிறீர்கள்?"

அங்கேதான் சொதப்பினேன். என்னைப் பொய்யன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயம். விவரமாகச் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தேன். தினமும் ஒவ்வொரு குலையையும் போனில் காட்டுவேன், எந்தச் சரத்தை வெட்ட வேண்டும் என்று ஜமீல் சொல்வான், அவன் கண்ணால்தான் நான் பார்க்கிறேன், அவன் இல்லாமல் ஒரு மரம்கூட என்னால் முடியாது என்றேன். போனை எடுத்து அவன் அனுப்பிய வீடியோக்களை எல்லாம் காட்டினேன். பரம்பரை விவசாயி, பிறந்ததிலிருந்து மண்ணில் கிடந்தவன், எனக்கு விவசாயம் தெரியாது என்று ஒருத்தர் முன்னால் நின்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. ரூவன் என் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

ஒன்பது நாளில் காகிதம் வந்தது. ரூவன் படித்தார், திரும்பவும் படித்தார், பிறகு எனக்குச் சொன்னார். போன் வழியாகவே தேவையான பயிற்சி கிடைத்துக்கொண்டிருக்கிறது, வேலையும் திருப்தியாக நடக்கிறது, அதனால் அந்த ஆள் நேரில் வர அவசியம் இல்லை. அனுமதி கிடையாது. அடுத்த வருஷம் மறுபடி மனுப் போடலாம்.

அவன் வரட்டும் என்று நான் சொன்னதே அவன் வராமலிருக்கக் காரணமாகிவிட்டது, பிரியா. வெறும் "தெரியாது" என்று வாயை மூடியிருந்தால் போதும். எனக்கு வாய் நீளம் என்று நீ கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்கிறாய்.

அன்றைக்கு ஆறு மணிக்கு ரூவன் போனைத் தொடவில்லை. ஆறே காலுக்கு அவனே கூப்பிட்டான். கிழவர் சொன்னார். மிகவும் சின்னக் குரலில் சொன்னார். பிறகு முதல் தடவையாக மரத்தை விட்டு வேறு ஒன்று பேசினார், "என்னை மன்னித்துவிடு" என்று. அந்தப் பக்கம் ஜமீல் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. கிழவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தார்.

"தெரியாதுன்னு சொன்னியாமே" என்று ஜமீல் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நாளைக்கு ஐந்தாவது வரிசை. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடு. இப்போது வண்டியில் ஏறி ஒரு குலையைக் கிட்டே காட்டு" என்றான். காட்டினேன். எந்தச் சரத்தை வெட்ட வேண்டும் என்று சொன்னான். நான் வெட்டினேன்.

நீ கேட்டது எப்படியோ நடந்துவிட்டது. நான் இங்கேதான் இருக்கப்போகிறேன். சந்தோஷப்படு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

பூபதி


மே 11, 2025
எருத்தேன்பதி

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், இது இந்தத் தடவை நிஜம். கோடை மழை இரண்டு நாள் நன்றாகப் பெய்தது. உங்கள் அப்பா வாசலில் உட்கார ஆரம்பித்துவிட்டார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு, கிருத்திகாவுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு வேலை நிலைச்சிருச்சு கண்ணு" என்று சொன்னேன். நீங்கள் என் பேச்சைக் கேட்கவில்லையே என்ற கோபம்கூட அப்போது வரவில்லை.

ராத்திரி இன்னொரு தடவை படித்தேன். அப்போது ஜமீல் அண்ணனின் வீட்டுக்காரி ஞாபகம் வந்தது. இத்தனை கடிதத்தில் நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, அந்த அம்மாவின் பேர்கூட நமக்குத் தெரியாது. ஆறே காலுக்கு அவர் போன் பேசும்போது அவளும் பக்கத்தில்தான் நின்றிருப்பாள். புருஷன் சிரிப்பதையும், சிரிப்பு நின்றுபோவதையும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல எந்தச் சரத்தை வெட்டு என்று சொல்லிக் கொடுப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். நான் சூடம் காட்டியது அதற்குத்தான் என்று ஆகிவிட்டது. விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

மேற்குப் பக்கம் நானும் சோலையும் பந்தல் போட்டுப் பாவக்காய்க் கொடியும் புடலையும் ஏற்றியிருக்கிறோம். நடுவில் வாழை வைத்திருக்கிறோம். மிச்சமிருக்கிற போர்வெல்லில் தண்ணீர் அதற்குப் போதும். தென்னை மாதிரி இல்லைதான். ஆனால் வேலந்தாவளம் சந்தைக்கு வாரம் இரண்டு நாள் மூட்டை போகிறது. போன மாதம் கிருத்திகாவின் ஹாஸ்டலுக்கு இதிலிருந்துதான் கட்டினேன். உங்களிடம் சொன்னால் ஊருக்குக் கிளம்பிவிடுவீர்களோ என்று சொல்லாமல் இருந்தேன். இதுதான் நான் மறைத்ததில் கடைசி.

அடுத்த ஏப்ரலிலும் அந்த அதிகாரிப் பெண் வருவாள் அல்லவா? அதற்குள் உங்களுக்கு இரண்டு வருஷமும் முடிந்துவிடும். கையில் போன் வேண்டாம், அன்றைக்கு அதை ரூவன் ஐயாவிடம் கொடுத்துவிடுங்கள். யார் கழித்தது, எப்படிக் கழித்தது என்று எத்தனை கேட்டாலும் கேட்கட்டும். பொய்யன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள் மாமா.

பிரியா